இரத்ததானம், எச்.ஐ.வி ஆய்வாளரின் வெளியீட்டுத் தாக்கத்தைக் கணக்கெடுத்து எழுதுவது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறை ஆய்வாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பதவி உயர்வு, ஆய்வு நிதி, வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் என்று எதற்கு விண்ணப்பித்தாலும் ஒரு பக்கம் வரும்: "உங்கள் வெளியீடுகளின் தாக்கத்தை விளக்குக." இரத்த வங்கியிலும் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்திலும் வருடக்கணக்காக உழைத்தவர்கள்கூட அந்தப் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். மட்டக்களப்பில் வைத்தியர்கள், ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்கள், இளம் விரிவுரையாளர்கள் எனப் பலரோடு உட்கார்ந்து இந்தப் பக்கத்தை நிரப்பியிருக்கிறேன். தடுமாற்றம் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

"சேர், ஸ்கொலர்ல ஒரு எண் கிடக்கு. அதைப் போட்டாக் காணும்தானே?"

காணாது. கூகுள் ஸ்கொலர் என்ற தேடுதளம் காட்டும் அந்த எண், அதாவது மற்றவர்கள் இவரின் கட்டுரைகளை எத்தனை தடவை எடுத்துக்காட்டினார்கள் என்ற மேற்கோள் எண்ணிக்கை, ஆறாவது படியில் வரவேண்டியது. அதற்கு முன்னால் பெயர் சரியாக வேண்டும், பட்டியல் சரியாக வேண்டும், எந்தக் கட்டுரை எந்தத் துறைக்குரியது என்று பிரிக்க வேண்டும். வரிசை மாறினால் செய்த வேலையை மறுபடி செய்ய வேண்டிவரும். கீழே உள்ள படிகளை அதே ஒழுங்கில் செய்யுங்கள்.

1. தொடங்குமுன் மேசையில் இருக்க வேண்டியவை

ஆய்வாளரின் சுயவிவரக் கோவை, அவர் எழுதிய கட்டுரைகளின் முழுப் பிரதிகள், விண்ணப்பப் படிவம், அந்தப் படிவத்துக்குரிய அண்மைய சுற்றறிக்கை ஆகிய நான்கும் வேண்டும். சுற்றறிக்கையைப் பதிவாளர் அலுவலகத்தில் நேரடியாகக் கேட்டு வாங்குங்கள். நண்பர் ஒருவர் முன்பு பயன்படுத்திய பிரதியை நம்பி வேலை தொடங்கியவர், புள்ளி வழங்கும் முறை மாறியிருப்பதைக் கடைசி வாரத்தில்தான் கண்டுபிடித்தார்.

ஒரு எக்செல் தாளைத் திறந்து வையுங்கள். ஒரு கட்டுரைக்கு ஒரு வரிசை. தலைப்பு, ஆண்டு, சஞ்சிகை, கட்டுரையை இணையத்தில் அடையாளம் காட்டும் டி.ஓ.ஐ இலக்கம், ஆசிரியர் வரிசையில் இவரது இடம், கட்டுரை வகை, துறை என்பவற்றுக்கு நிரல்கள் போடுங்கள். எண்களுக்கான நிரல்களை இப்போது வெறுமையாக விடுங்கள்.

நேரத்தையும் ஒதுக்குங்கள். 12 கட்டுரை உள்ள ஒருவருக்கு இரண்டு முழு நாள் வேண்டும். 40 கட்டுரை என்றால் ஒரு வாரம். முடிவுத் திகதிக்கு முதல் நாள் இரவு தொடங்கினால் 3ஆம் படியையே தாண்ட மாட்டீர்கள், ஏனென்றால் அங்கே மற்றவர்களின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டும்.

2. வாசிக்கப் போவது யார்?

பதவி உயர்வுக் குழு எண்ணிக்கையையும் ஆசிரியர் வரிசையையும் பார்க்கும். நிதி தருபவர் "இதனால் எது மாறியது?" என்று கேட்பார். வெளிநாட்டுப் பேராசிரியருக்கு உங்கள் முறையியல் முக்கியம். மூவருக்கும் ஒரே பந்தியை அனுப்பக்கூடாது. தாளின் மேலே ஒரு வரியில் வாசகர் யார் என்று எழுதிவிட்டுத்தான் நான் தொடங்குவேன்.

3. பெயரை ஒழுங்காக்குங்கள்

நமக்கு மிகவும் நேரம் பிடிக்கும் படி இது. மேற்கத்திய ஆட்களுக்கென அமைந்த தரவுத்தளங்கள் ஒவ்வொருவருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்று எடுத்துக்கொள்கின்றன. நமக்கு இருப்பது தந்தை பெயரும் சொந்தப் பெயரும்தான்.

உதாரணத்துக்கு, கந்தையா சிவகுமார் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஒரு சஞ்சிகை அவரை "சிவகுமார் கே." என்று பதியும். இன்னொன்று பெயர்ப் பகுதிகளை மாற்றிப் போட்டு "கந்தையா எஸ்." என்று பதியும். இரண்டாவது பதிவைத் தேடினால் அவரின் தம்பியும் வரலாம், தங்கையும் வரலாம், சம்பந்தமே இல்லாத இன்னொரு கந்தையாவின் பிள்ளையும் வரலாம். முதலெழுத்து ஒன்றாக இருந்தால் அவ்வளவுதான்.

கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் ஆய்வாளர்களுக்குச் சிக்கல் வேறு விதம். "முஹம்மது" என்பதற்கு ஆங்கிலத்தில் ஏழெட்டு எழுத்துக்கூட்டல் உண்டு. மூன்று முதலெழுத்துகளோடு வரும் பெயரில் ஒரு சஞ்சிகை மூன்றையும் போடும், மற்றொன்று ஒன்றை விட்டுவிடும். திருமணத்தின் பின் கணவர் பெயரை இணைத்துக்கொண்ட பெண் ஆய்வாளர்களுக்கோ முன்னைய கட்டுரைகள் வேறொருவருடையவைபோல் தனியே கிடக்கும். "தேவராஜா" போன்ற பெயரை ஒரு முறை 'டி' எழுத்திலும் மறுமுறை 'டி-எச்' சேர்த்தும் எழுதியிருந்தால் அதுவும் இரண்டு ஆளாகிவிடும்.

எனவே முதலில் இதுவரை அச்சான எல்லாப் பெயர் வடிவங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். கட்டுரைகளின் முதற்பக்கத்தைப் பார்த்தே எழுத வேண்டும், நினைவிலிருந்து எழுதாதீர்கள்.

அடுத்து ஓர்கிட் இலக்கம். 2012இல் தொடங்கிய இந்த 16 இலக்க ஆய்வாளர் அடையாளம் இலவசம். பதிவுசெய்யும்போது இரண்டு மின்னஞ்சல் முகவரிகள் கொடுங்கள்: ஒன்று நிறுவனத்துடையது, மற்றது சொந்தம். இடமாற்றம் வந்து நிறுவன முகவரி செயலிழந்தபின் தன் கணக்கிலேயே நுழைய முடியாமல் போனவரைக் கண்டிருக்கிறேன். மேலே எழுதிய பெயர் வடிவங்கள் அனைத்தையும் "வேறு பெயர்கள்" பகுதியில் சேருங்கள்.

பிறகு ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளம். சந்தா இல்லாவிட்டாலும் ஆசிரியர் தேடல் இலவசமாகவே திறக்கும். உங்களுக்கு இரண்டு மூன்று விவரப் பக்கங்கள் இருக்கலாம். அவற்றை ஒன்றாக்கும்படி அங்கேயே கோரிக்கை அனுப்பலாம். பதில் உடனே வராது, அதனால்தான் இதை முதல் நாளே செய்யச் சொல்கிறேன்.

நிறுவனப் பெயரிலும் கவனம் தேவை. வந்தாறுமூலையில் உள்ள நம் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயரிலேயே பங்களாதேஷிலும் அமெரிக்காவிலும் பல்கலைக்கழகங்கள் உண்டு. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பெயரை ஒத்தவை சீனாவிலும் பங்களாதேஷிலும் உள்ளன. "இலங்கை" என்ற சொல்லை நிறுவனப் பெயரிலிருந்து பிரிக்காமல், ஊர்ப் பெயரோடு சேர்த்து எப்போதும் ஒரே மாதிரி எழுதுங்கள். பிள்ளையாரடியில் உள்ள சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தவர்கள் பீடத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரை விடுவதையும் கண்டிருக்கிறேன். அப்படி விட்டால் அந்தக் கட்டுரை பல்கலைக்கழகத்தின் கணக்கில் சேராமல் போகலாம்.

4. முழுப் பட்டியலைத் தொகுங்கள்

ஒரு தரவுத்தளம் போதாது. கூகுள் ஸ்கொலர், மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட், ஸ்கோபஸ், டி.ஓ.ஐ இலக்கங்களைப் பதியும் குரொஸ்ரெஃப், இலங்கைச் சஞ்சிகைகளுக்கான எஸ்.எல்.ஜே.ஓ.எல் தளம் ஆகிய ஐந்திலும் எல்லாப் பெயர் வடிவங்களையும் போட்டுத் தேடுங்கள். நம் நாட்டுச் சஞ்சிகைகள் பல எஸ்.எல்.ஜே.ஓ.எல்லில் இருக்கும், ஸ்கோபஸில் இராது.

பப்மெட்டில் "மட்டக்களப்பு" என்று நிறுவன முகவரியை வைத்துத் தேடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2014க்கு முன் அங்கே முதலாவது ஆசிரியரின் முகவரி மட்டுமே பதியப்பட்டது. கொழும்பில் உள்ள ஒருவர் முதலாவது ஆசிரியராகவும் நீங்கள் மூன்றாவதாகவும் எழுதிய 2010ஆம் ஆண்டுக் கட்டுரை முகவரித் தேடலில் வரவே வராது. பெயரால் தேடினால்தான் கிடைக்கும்.

கூகுள் ஸ்கொலர் கட்டுரைகளைத் தானாகவே உங்கள் பக்கத்தில் சேர்க்கும் அமைப்பில் இருந்தால் அதை மாற்றி, மின்னஞ்சலில் கேட்டுச் சேர்க்கும்படி வையுங்கள். ஒரு முறை ஒரு வைத்தியரின் பக்கத்தில் நெல் நோய் பற்றிய கட்டுரை ஒன்று இருந்தது. அதே முதலெழுத்துள்ள விவசாய விஞ்ஞானி ஒருவருடையது. அதற்குக் கிடைத்த மேற்கோள்கள் வைத்தியரின் மொத்தத்திலும் ஏறியிருந்தன. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் தெரிவுக்குழு கண்டுபிடித்திருந்தால் அவர் நேர்மையைத்தான் சந்தேகித்திருப்பார்கள்.

இப்போது வகை பிரியுங்கள். மூல ஆய்வு, மீளாய்வு, நோயாளி அறிக்கை, ஆசிரியருக்குக் கடிதம், மாநாட்டுச் சுருக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் வகை போடுங்கள். இந்தத் துறையில் அதிகம் நடக்கும் பிழை இங்கேதான் உள்ளது. சர்வதேச இரத்தமாற்றச் சங்கத்தின் மாநாட்டுச் சுருக்கங்கள் வொக்ஸ் சங்குவினிஸ் சஞ்சிகையின் இணைப்பிதழாக வெளிவருகின்றன. கால் பக்கச் சுருக்கம்தான், ஆனால் தேடலில் முழுக் கட்டுரை போலவே தெரியும். அதை முழுக் கட்டுரைகளோடு சேர்த்து எண்ணினால் பட்டியலை வாசிக்கும் எந்த இரத்தமாற்ற நிபுணருக்கும் உடனே பிடிபடும்.

கடைசியாக, ஒவ்வொரு டி.ஓ.ஐ இலக்கத்தையும் சொடுக்கித் திறந்து பாருங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை எதுவும் பட்டியலில் இருக்கிறதா என்று ரிட்ராக்ஷன் வொட்ச் தரவில் தேடுங்கள். 2023இலிருந்து அது குரொஸ்ரெஃப் வழியாக எல்லோருக்கும் திறந்திருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு மதிப்பாய்வே இல்லாமல் போட்டுத்தரும் சஞ்சிகையில் ஏதும் வந்திருந்தால் அதைத் தனியே குறித்து, சேர்ப்பதா விடுவதா என்று ஆய்வாளரிடமே முடிவைக் கேளுங்கள். நானாக இருந்தால் விடுவேன்.

5. இரத்ததானத்தையும் எச்.ஐ.வியையும் பிரித்து வையுங்கள்

இரண்டும் ஒரே ஆள் செய்த ஆய்வு, ஒரே ஆய்வுகூடத்தில் செய்தது, பிறகு ஏன் பிரிக்க வேண்டும் என்று கேட்பார்கள். மேற்கோள் பழக்கம் வேறு என்பதால்தான். எச்.ஐ.வி மிகப் பெரிய துறை. உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் எழுதுகிறார்கள், ஒரு கட்டுரையைப் பல பேர் எடுத்தாளுவார்கள். இரத்ததானிகளை எப்படி வரவழைப்பது, எப்படித் திரும்ப வரச்செய்வது என்று எழுதும் வட்டம் சிறியது. அங்கே நல்ல கட்டுரைக்கும் மேற்கோள் மெதுவாகத்தான் சேரும்.

இரண்டையும் கலந்தால் எச்.ஐ.வி கட்டுரைகள் இரத்ததானக் கட்டுரைகளை விழுங்கிவிடும். வாசிப்பவர் இரத்ததான வேலையைப் பலவீனமானது என்று நினைப்பார். இரண்டும் சந்திக்கும் இடத்துக்கு, அதாவது தானிகளின் இரத்தத்தில் எச்.ஐ.வி பரிசோதனை, தானிகளைத் தெரிவுசெய்யும் விதிகள் போன்றவற்றுக்கு, மூன்றாவது வகை ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

6. எண்களை ஒரே நாளில் எடுங்கள்

மேற்கோள் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்து, எடுத்த திகதியையும் எந்தத் தரவுத்தளம் என்பதையும் அருகிலேயே எழுதுங்கள். ஸ்கொலர் எண்ணோடு ஸ்கோபஸ் எண்ணைக் கூட்டாதீர்கள். ஒரே மேற்கோள் இரண்டிலும் இருக்கும். ஸ்கொலர் பல்கலைக்கழக ஆய்வேடுகளையும் அறிக்கைகளையும் சேர்த்து எண்ணுவதால் அதன் தொகை பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்.

எச்-சுட்டெண் என்பது 2005இல் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர் முன்வைத்தது. எத்தனை கட்டுரைகள் குறைந்தது அத்தனை மேற்கோளாவது பெற்றுள்ளன என்பதே அது. கணக்கு எளிது. 12 கட்டுரைகளின் மேற்கோள்களை இறங்குவரிசையில் அடுக்குங்கள்: 41, 22, 15, 9, 7, 6, 6, 3, 2, 1, 0, 0. ஆறாவது கட்டுரைக்கு 6 மேற்கோள் உண்டு. ஏழாவதுக்கு 7 இல்லை. எனவே எச்-சுட்டெண் 6. பத்தும் அதற்கு மேலும் மேற்கோள் பெற்றவை மூன்று, ஆகவே ஐ10 சுட்டெண் 3. மொத்தம் 112.

இதே பட்டியலில் சராசரி 9க்குச் சற்று மேலே வரும், இடையம், அதாவது வரிசையின் நடுவில் வரும் எண், 6. ஒரு கட்டுரை மட்டும் 41 எடுத்ததால் சராசரி ஏறிவிட்டது. நான் எப்போதும் இடையத்தையும் சேர்த்துக் கொடுப்பேன். குழுவில் ஒரு புள்ளிவிவரக்காரர் இருந்தால் அவர் முதலில் தேடுவது அதைத்தான்.

இனி 5ஆம் படியின் பயனைப் பாருங்கள். அந்தப் பன்னிரண்டில் எச்.ஐ.வி கட்டுரைகள் ஐந்துக்கு 41, 22, 9, 6, 3 என 81 மேற்கோள்களும், இரத்ததானக் கட்டுரைகள் ஏழுக்கு 15, 7, 6, 2, 1, 0, 0 என 31 மேற்கோள்களும் என்று வைப்போம். பிரித்துக் காட்டாவிட்டால் இரத்ததானத்தில் 15 பேர் எடுத்தாண்ட கட்டுரை மூன்றாவது இடத்தில் மறைந்துபோகும். அந்தச் சிறிய துறையில் அதுதான் இவரின் மிக முக்கியமான கட்டுரையாக இருக்கலாம்.

சுயமேற்கோள்களைக் கழித்த எண்ணையும் போடுங்கள். ஸ்கோபஸில் அவற்றை விலக்கிப் பார்க்க வசதி உண்டு. சுயமேற்கோள் குற்றமல்ல. தொடராய்வு செய்பவர் தன் முன்னைய கட்டுரையைக் காட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் மறைத்தால் குற்றம்போலத் தெரியும்.

7. எண்ணைத் துறையோடு வைத்துப் பாருங்கள்

"எச்-சுட்டெண் 6 நல்லதா, கூடாததா?" என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் இல்லை. எத்தனை வருடம், எந்தத் துறை என்று தெரியாமல் சொல்ல முடியாது.

இதற்கு உதவுவது அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஐசைட் என்ற இலவசக் கருவி. பப்மெட் இலக்கங்களை ஒட்டினால் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒப்பீட்டு மேற்கோள் விகிதம் தரும். அந்த விகிதம் 1.0 என்றால், அந்நிறுவனத்தின் நிதியில் அதே துறையில் வெளிவந்த இடைநிலைக் கட்டுரை ஒன்று ஆண்டுக்குப் பெறும் அளவு மேற்கோளை இதுவும் பெறுகிறது என்று பொருள். துறை எது என்பதை, அந்தக் கட்டுரையோடு சேர்ந்து மேற்கோள் காட்டப்படும் மற்றக் கட்டுரைகளை வைத்தே கருவி தீர்மானிக்கும். எனவே இரத்ததானக் கட்டுரையை எச்.ஐ.வி கட்டுரையோடு நிறுத்துப் பார்க்கும் அநியாயம் இங்கே குறைவு. பெரிய நிதியோடு நடந்த ஆய்வுகளோடு ஒப்பிட்டும், நம் ஊரில் நிதியில்லாமல் செய்த கட்டுரை ஒன்று 1.0ஐத் தாண்டியிருந்தால், அதை ஒரு வரியில் எழுதத் தயங்க வேண்டாம்.

இரண்டு குறைகள் உண்டு. பப்மெட்டில் இல்லாத கட்டுரைக்கு இது கணக்குத் தராது. மிக அண்மையில் வந்த கட்டுரைக்குத் தரும் எண் நிலையானதல்ல.

இம்பாக்ட் ஃபாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அது சஞ்சிகையின் எண். ஒரு சஞ்சிகையின் 2024ஆம் ஆண்டு எண் வேண்டுமென்றால், 2022இலும் 2023இலும் அது வெளியிட்டவற்றுக்கு 2024இல் கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டு வருடத்தின் ஆய்வு, மீளாய்வுக் கட்டுரைகளின் தொகையால் வகுக்கிறார்கள். சில கட்டுரைகள் நிறைய வாங்கும், மற்றவை ஒன்றும் வாங்காது. அதைத் தனி ஆளின் தரமாகக் காட்டக்கூடாது என்று சன் பிரான்சிஸ்கோ பிரகடனம், சுருக்கமாக டோரா, 2013இலேயே வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. படிவம் கேட்டால் எழுதுங்கள். கேட்காவிட்டால் விடுங்கள். எல்லாக் கட்டுரைகளின் இம்பாக்ட் ஃபாக்டரையும் கூட்டி ஒரு மொத்தம் போடுகிற பழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. அந்தக் கூட்டுத்தொகைக்கு எந்தப் பொருளும் இல்லை.

8. மேற்கோள் காட்டியவர்களின் கட்டுரைகளை வாசியுங்கள்

புதியவர்கள் யாரும் செய்யாத படி இது. நான் அதிகம் நேரம் செலவழிப்பதும் இதில்தான். முக்கியமான மூன்று கட்டுரைகளை எடுத்து, அவற்றை மேற்கோள் காட்டியவர்கள் என்ன வாக்கியத்தில் காட்டினார்கள் என்று போய்ப் பாருங்கள்.

முன்னுரையில் "இதுபோன்ற ஆய்வுகள் பல நாடுகளில் நடந்துள்ளன" என்று பத்துக் கட்டுரைகளோடு சேர்த்துச் சொல்லியிருந்தால் அது சும்மா ஒரு தலையசைப்பு. தங்கள் முடிவை உங்கள் முடிவோடு வைத்து விவாதித்திருந்தால் அது ஒப்பீடு. உங்கள் வினாக்கொத்தையோ பரிசோதனை ஒழுங்கையோ எடுத்துப் பயன்படுத்தியிருந்தால் அது உண்மையான பயன். பல ஆய்வுகளை ஒழுங்குமுறையாகத் திரட்டும் முறைசார் மீளாய்வு ஒன்றில் உங்கள் தரவைச் சேர்த்துக் கணக்கிட்டிருந்தால் அது மிகக் கனமான சான்று. உங்கள் முடிவை மறுத்திருந்தால் அதையும் குறித்து வையுங்கள். நேர்முகத்தில் கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

இந்தத் துறைக்கே உரிய மூன்று தவறான எடுத்தாள்கைகள் உண்டு. அவற்றைத் தாக்கம் என்று பெருமையாக எழுதிவிடாதீர்கள்.

முதலாவது, தானிகளிடையே கண்ட எச்.ஐ.வி வீதத்தைப் பொதுமக்களின் வீதமாகக் காட்டுவது. இரத்தம் கொடுக்க வருபவர் வினாப்பத்திரத்துக்குப் பதில் சொல்லி, வைத்தியரைக் கண்டு, ஆபத்துக் குறைந்தவர் என்று தெரிந்தபின்தான் கட்டிலில் படுக்கிறார். அவர் ஊரின் சராசரி மனிதர் அல்லர்.

இரண்டாவது, முதற்கட்டப் பரிசோதனையில் எதிர்வினை காட்டியதை உறுதிசெய்யப்பட்ட தொற்றாக எண்ணுவது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில் தொற்றுள்ள இடத்தில், 99.8 வீதம் தனித்தன்மையுள்ள, அதாவது தொற்றில்லாதவர்களில் 99.8 வீதத்தினரை இல்லை என்றே காட்டும், பரிசோதனையை 1,00,000 பேருக்குச் செய்தால், உண்மையில் தொற்றுள்ளவர் 10 பேர். தொற்றே இல்லாமல் எதிர்வினை காட்டுபவரோ ஏறக்குறைய 200 பேர். எதிர்வினை காட்டியவர்களை எல்லாம் தொற்றாளர் என்று எழுதிய கட்டுரை, இருபது மடங்குக்கு மேல் மிகைப்படுத்திவிட்டது.

மூன்றாவது, இரத்த அலகுகளின் எண்ணிக்கையைத் தானிகளின் எண்ணிக்கையாக எடுப்பது. இங்கே ஒருவர் 4 மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். தவறாமல் கொடுப்பவர் வருடத்தில் மூன்று அலகு கொடுத்திருப்பார்.

ஆய்வாளரின் சொந்தக் கட்டுரையிலேயே இந்தப் பிழை இருந்தால், தாக்க அறிக்கையில் சரியான சொல்லைப் போட்டு, சஞ்சிகைக்குத் திருத்தக் குறிப்பும் அனுப்பச் சொல்லுங்கள். மேற்கோள் குறைந்தாலும் பரவாயில்லை. இந்த எண்களை நம்பித்தான் யாரோ ஒருவருக்கு இரத்தம் ஏற்றுகிறார்கள்.

9. சஞ்சிகைக்கு வெளியே நடந்ததைத் தேடுங்கள்

மேற்கோள் எண்ணிக்கை, கட்டுரை எழுதுபவர்களிடம் ஏற்பட்ட தாக்கத்தை மட்டுமே காட்டும். இரத்த வங்கித் தாதியோ, முகாம் ஒழுங்குசெய்யும் கோயில் நிர்வாகமோ, பள்ளிவாசல் நிர்வாகமோ கட்டுரை எழுதுவதில்லை. அவர்களிடம் நடந்த மாற்றம் எந்தத் தரவுத்தளத்திலும் வராது. நீங்கள்தான் போய்த் தேட வேண்டும்.

முதலில் கொள்கை ஆவணங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆவணக் களஞ்சியம், நாரஹேன்பிட்டியில் உள்ள தேசிய இரத்தமாற்றச் சேவையின் வருடாந்த அறிக்கைகள், தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் அறிக்கைகள் ஆகியவற்றில் கட்டுரைத் தலைப்பையும் ஆசிரியர் பெயரின் எல்லா வடிவங்களையும் போட்டுத் தேடுங்கள். ஆவணத்தின் கடைசிப் பக்கங்களில் உள்ள பட்டியலைக் கண்ணால் பாருங்கள். தேடுபெட்டி பலவற்றைத் தவறவிடும்.

ஆய்வு விதியாக மாறப் பல வருடம் எடுக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள் இரத்தம் கொடுப்பது பற்றிய விதியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் நிரந்தரத் தடையாக இருந்தது 2015இல் 12 மாதக் காத்திருப்பாகவும், 2020இல் 3 மாதமாகவும் குறைந்து, 2023இல் எல்லாத் தானிகளிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டுத் தனித்தனியாக மதிப்பிடும் முறைக்கு வந்தது. பிரித்தானியா அந்த முறைக்கு 2021இலேயே மாறிவிட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் தானிகளிடையே நடந்த ஆய்வுகளும், அவற்றை எடைபோட்ட ஆலோசனைக் குழு அறிக்கைகளும் உள்ளன. ஒரு கட்டுரையின் தாக்கத்தை நிறுவ வேண்டுமானால் இதே சங்கிலியைத்தான் பின்தொடர வேண்டும்: கட்டுரை, குழு அறிக்கை, விதி. நடுவில் ஒரு கண்ணி இல்லாவிட்டால் "காரணமானது" என்று எழுதக்கூடாது. "பங்களித்தது" என்று எழுதவும் ஓர் ஆவணம் கையில் இருக்க வேண்டும்.

இங்கே மிகைப்படுத்தும் ஆசை பலமாக வரும். இலங்கை 2014இல் முற்றிலும் தன்னார்வத் தானிகளை நம்பும் நிலையை அடைந்தது. தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி, சிபிலிசு கடத்தப்படுவதை ஒழித்த நாடாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. இரண்டும் நாடு முழுவதும் நூற்றுக்கணக்கானவர்கள் வருடக்கணக்கில் உழைத்துப் பெற்றவை. ஒரு கட்டுரையின் பெயரை அவற்றின் அருகே வைத்து எழுதினால் வாசிப்பவர் முகம் சுளிப்பார்.

அதைவிடச் சிறிய, உறுதியான மாற்றம் மேல். நோன்பு மாதத்தில் தானிகள் குறைவதைக் காட்டிய ஆய்வின் பின், கரையோரப் பகுதியில் முகாம் நேரத்தை நோன்பு திறந்த பிறகு வைத்தார்களா? தானி வினாப்பத்திரத்தின் தமிழ் வாசகம் விளங்கவில்லை என்று எழுதிய பின் அந்தக் கேள்வியை மாற்றினார்களா? மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, அம்பாறை பொது வைத்தியசாலை என்று எந்த இரத்த வங்கியில் மாற்றம் நடந்திருந்தாலும், பொறுப்பான வைத்தியரிடம் திகதியோடு ஒரு கடிதம் கேளுங்கள். பழைய படிவம், புதிய படிவம் இரண்டின் பிரதியும் இருந்தால் இன்னும் நல்லது. கடிதம் வரத் தாமதமாகும். இதையும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

தமிழில் எழுதிய துண்டுப்பிரசுரம், பாடசாலைகளில் நடத்திய கருத்தரங்கு, தாதியர் பயிற்சிக் கையேடு எல்லாவற்றையும் சேருங்கள். தமிழில் எழுதியதை "வெளியீடு" என்று சொல்லத் தயங்குகிறார்கள். எனக்கு இது மனவருத்தம் தரும் விஷயம். களுவாஞ்சிக்குடியில் இரத்தம் கொடுக்க நிற்கும் இளைஞன் வாசிக்கப்போவது அந்தத் துண்டுப்பிரசுரத்தைத்தான்.

10. ஆட்களை அடையாளம் காட்டிவிடாதீர்கள்

நம்முடையது சிறிய இடம். "இன்ன பிரதேச செயலகப் பிரிவில் கண்டறியப்பட்ட இருவர்" என்று எழுதினால், அந்த ஊரவருக்கு யார் என்று சொல்லத் தேவையில்லை. வயது, தொழில், ஊர் மூன்றும் ஒரே வரியில் வந்தால் பெயர் எழுதியதற்குச் சமம். தாக்க அறிக்கை பல கைகளுக்குப் போகும், சிலவேளை இணையத்திலும் ஏறும். மாவட்ட அளவுக்குக் கீழே இறங்காதீர்கள். மிகச் சிறிய எண்ணிக்கைகளை "ஐந்துக்குக் குறைவு" என்று மட்டும் காட்டுங்கள். முகாமில் எடுத்த படத்தை இணைக்க விரும்பினால், அதில் இருப்பவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். எச்.ஐ.வி என்ற சொல் உள்ள ஆவணத்தில் தானி ஒருவரின் முகம் இருப்பதே அவருக்குத் தீங்கு செய்யக்கூடும்.

11. எழுதுங்கள்

இரண்டு பக்கம் போதும். முதற் பந்தியில் ஆய்வாளர் என்ன கேள்வியைத் துரத்துகிறார் என்று சொல்லுங்கள். அடுத்து முக்கியமான மூன்று கட்டுரைகள்: ஒவ்வொன்றிலும் என்ன கண்டார், யார் அதை எதற்கு எடுத்தார்கள், எது மாறியது. எண்களைச் சிறிய அட்டவணையாக, திகதியோடும் தரவுத்தளப் பெயரோடும், இரண்டாம் பக்கத்தில் வையுங்கள். எண்ணை முதலில் வைத்தால் வாசிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார்.

கூட்டாக எழுதிய கட்டுரையில் இவரின் பங்கு என்ன என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். முதலாவது ஆசிரியர் என்றால் வேலையின் பெரும்பகுதி அவருடையது என்று சுகாதாரத் துறையில் விளங்கிக்கொள்வார்கள், கடைசி ஆசிரியர் என்றால் வழிநடத்தியவர் என்று. நடுவில் உள்ளவரின் பங்கு சொன்னால்தான் தெரியும். கிரெடிட் என்ற வகைப்பாட்டில் 14 பங்களிப்பு வகைகள் உள்ளன. அவற்றிலிருந்து பொருந்தும் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள்: தரவுச் சேகரிப்பு, முறையியல், மேற்பார்வை என்று. நாற்பது பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையைத் தனியாளின் சாதனைபோல் எழுதினால், மற்ற 39 பேரில் ஒருவர் குழுவில் இருக்கவும் கூடும்.

"உலகத்தரம் வாய்ந்த", "முன்னோடியான" போன்ற சொற்களை வெட்டுங்கள். அவை இருந்த இடத்தில் ஒரு திகதியோ ஓர் ஆவணத்தின் பெயரோ வரட்டும்.

12. அனுப்புமுன்

ஒரு வரியை எடுத்து, "இதற்குச் சான்று எங்கே?" என்று கேளுங்கள். கோப்புறையில் ஆவணம் இருந்தால் அருகே ஒரு புள்ளி போடுங்கள். இல்லாவிட்டால் வரியை எடுத்துவிடுங்கள். கடைசி வரி வரைக்கும் இப்படியே போங்கள்.

பிறகு இந்தத் துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம், கணித ஆசிரியராகவும் இருக்கலாம், வங்கியில் வேலை செய்பவராகவும் இருக்கலாம், வாசிக்கக் கொடுங்கள். அவர் எந்த வரியில் நிற்கிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள்.

எக்செல் தாள், அன்றைய திரைப்பிடிப்புகள், கடிதங்களின் பிரதிகள் ஆகியவற்றைத் திகதியிட்ட ஒரே கோப்புறையில் போட்டு, இரண்டு இடத்தில் சேமியுங்கள். நேர்முகத்தன்று எண் மாறியிருக்கும். எடுத்த நாளின் திரைப்பிடிப்பைக் காட்டினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அறிக்கையில் உள்ள கட்டுரைத் தொகை, சுயவிவரக் கோவையில் உள்ள தொகை, ஓர்கிட் பக்கத்தில் உள்ள தொகை ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றோடொன்று ஒத்துவராவிட்டால் அன்று அனுப்ப வேண்டாம். 4ஆம் படிக்குத் திரும்பிப் போய், எந்தக் கட்டுரை எங்கே விடுபட்டது என்று கண்டுபிடித்த பிறகு அனுப்புங்கள்.